கம்ப்யூட்டர் தகைவைத் தேடுவதில்லை

பாலம், அணை, விமான இறக்கை, மூட்டு மாற்று சிகிச்சையில் வைக்கும் உலோகத் துண்டு என எதன் வடிவமைப்பைப் பற்றிய கட்டுரையைப் புரட்டினாலும் கூடவே ஒரு வண்ணப்படம் இருக்கும். நீலத்தில் தொடங்கி, பச்சை மஞ்சள் என்று ஏறி, ஏதோ ஒரு மூலையில் சிவப்பாக முடியும் படம். சிவப்பாக இருக்கும் இடத்தில்தான் பொருளுக்குச் சிரமம் அதிகம் என்று பக்கத்தில் விளக்கமும் இருக்கும். கம்ப்யூட்டர் எப்படியோ பொருளுக்குள் புகுந்து, புள்ளி புள்ளியாக எவ்வளவு சுமை என்று பார்த்துவந்து நிறம் தீட்டிவிட்டது என்று நாம் எடுத்துக்கொள்கிறோம்.

அங்கே நடப்பது அதுவல்ல. கம்ப்யூட்டர் தேடிக் கண்டுபிடிப்பது வேறொரு சங்கதி. அந்தச் சிவப்பும் நீலமும் அதிலிருந்து பிறகு கறந்து எடுத்தவை. இந்த ஒன்று பிடிபட்டுவிட்டால் படத்தை எங்கே நம்பலாம், எங்கே சந்தேகப்பட வேண்டும் என்பது பெரும்பாலும் விளங்கிவிடும். அவசரமில்லாமல் போவோம்.

பழைய சைக்கிள் டியூப் ஒரு துண்டு எடுத்து, வெட்டி விரித்துக்கொள்வோம். அதன்மேல் வெள்ளை மையால் சின்னச் சின்னக் கட்டங்கள் போடுவோம். நடுவில் வட்டமாக ஓர் ஓட்டை. இப்போது ஒருவர் மேல் முனையையும் இன்னொருவர் கீழ் முனையையும் பிடித்து மெல்ல இழுக்கட்டும். ஓட்டைக்கு இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒட்டியிருக்கும் கட்டங்கள் மற்றவற்றைவிட நன்றாக நீண்டுபோயிருக்கும். ஓட்டைக்கு நேர் மேலேயும் நேர் கீழேயும் இருக்கும் கட்டங்களோ நம் இழுப்பைக் கண்டுகொண்டதாகவே தெரியாது. ஒரே துண்டு, ஒரே இழுப்பு. இடத்துக்கு இடம் கதை வேறு.

இதில் நாம் கண்ணால் கண்டது என்ன? புள்ளிகள் இடம் மாறியதைக் கண்டோம். பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகள் வெவ்வேறு அளவில் நகர்ந்ததால் கட்டம் நீண்டதையும் கண்டோம். இந்த நீட்சி விகிதத்துக்குத் திரிபு என்று பெயர். தகைவு என்பது இன்னொன்று. பொருளை ஓரிடத்தில் மனத்தால் வெட்டினால், வெட்டின ஒரு பக்கம் மறுபக்கத்தை ஒவ்வொரு சதுர சென்டிமீட்டருக்கும் எத்தனை கிலோ விசையோடு பிடித்து இழுக்கிறது என்பதே தகைவு. அதை யாரும் பார்த்ததில்லை. பாலத்தில் ஒட்டிவைக்கும் அளவிகள்கூட நீட்சியைத்தான் அளக்கின்றன. தகைவைக் கணக்குப் போட்டு வருவிக்கிறார்கள். கணக்குப் போட இடம் கொடுத்தவர் இங்கிலாந்தின் ராபர்ட் ஹூக். இழுப்பு எவ்வளவோ நீட்சி அவ்வளவு, இழுப்பை விட்டால் பழைய நிலை என்று 1678இல் அச்சில் சொன்னார். இப்படித் திரும்பிவரும் குணத்தைத்தான் மீள்மை என்கிறோம்.

ஹூக் சொன்னதை ஒரு முழுப் பொருளின் உள்ளே ஒவ்வொரு புள்ளிக்கும் பொருந்தும்படி சமன்பாடுகளாக எழுதியவர்கள் நவியே, கோஷி என்ற பிரெஞ்சுக்காரர்கள். அது 1820களில். அதாவது கேள்வி என்னவென்று இருநூறு ஆண்டுகளாகத் தெரியும். விடைதான் எளிதில் கிடைப்பதில்லை. ஓட்டை போட்ட தகட்டுக்கு விடை கண்டவர் ஜெர்மானியப் பொறியாளர் கிர்ஷ், 1898இல். அகலமான தகட்டில் சின்ன வட்ட ஓட்டை இருந்தால் அதன் இரு பக்கத்திலும் தகைவு, ஓட்டையிலிருந்து தள்ளியிருக்கும் இடத்தில் உள்ளதைப்போல் சரியாக 3 மடங்கு. ஓட்டை குண்டூசி அளவா, குடத்தின் வாய் அளவா என்பது பொருட்டல்ல. தகடு அதைவிட மிகப் பெரிதாக இருந்தால் போதும், அதே 3. ஓட்டையின் மேலும் கீழும் தகடு இழுபடவே இல்லை, பக்கவாட்டில் நெருக்கப்படுகிறது என்றும் அந்தக் கணக்கு சொல்கிறது. ரப்பருக்கு இந்த எண்கள் அச்சாகப் பொருந்தா என்றாலும் நம் டியூபில் தெரிந்தது இதே சங்கதிதான்.

ஆனால் உலகம் அகலத் தகடுகளாலும் வட்ட ஓட்டைகளாலும் ஆனதில்லை. ஸ்கூட்டர் எஞ்சினைத் தாங்கும் வார்ப்புத் துண்டு ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். வளைவு, முண்டு, விலா, நான்கு போல்ட் துளை. இதற்குக் கிர்ஷ் மாதிரி ஒரே வரியில் விடை எழுத யாராலும் முடியாது. அப்படியானால் தோராயமாகப் போட வேண்டியதுதான்.

கம்ப்யூட்டர் வருவதற்கு முன்பே அப்படிப் போட்டுப் பார்த்தார்கள். லூயிஸ் ஃப்ரை ரிச்சர்ட்சன் (பின்னாளில் வானிலையையே கணக்குப் போட்டுச் சொல்லப் பார்த்தவர் இவர்தான்) 1911இல் வெளியான கட்டுரையில் ஒரு கல் அணைக்குள் இருக்கும் தகைவைக் கட்டம் கட்டமாகப் பிரித்துக் கணக்கிட்டார். கூட்டல் கழித்தலுக்குப் பையன்களைக் கூலிக்கு வைத்தார். எண்ணில் எத்தனை இலக்கம் என்பதைப் பொறுத்து ஒரு புள்ளிக்கு இவ்வளவு பென்னி என்று கூலி. தப்பாகப் போட்டது கணக்கில் சேராது. சுறுசுறுப்பான பையன் வாரத்துக்கு 2000 கணக்கு போட்டான் என்று கட்டுரையிலேயே எழுதிவைத்திருக்கிறார். எனக்கு அந்த அணையைவிட அந்தப் பையன்களைப் பற்றித்தான் இன்னும் தெரிந்துகொள்ள ஆசை.

இன்று பரவலாக இருப்பது வேறொரு முறை. பொருளை முக்கோணங்களாகவோ நாற்கரங்களாகவோ துண்டு போடுகிறோம். துண்டுக்குக் கூறு என்று பெயர், துண்டுகள் சந்திக்கும் புள்ளிக்குக் கணு. மொத்தப் பின்னலை வலை என்போம்; பொறியாளர்கள் மெஷ் என்பார்கள். கணித மேதை கூரான்ட் 1943இலேயே முக்கோணங்களை வைத்து இப்படி ஒரு வழி காட்டினார். அமெரிக்காவில் போயிங் விமான நிறுவனத்தோடு சேர்ந்து வேலை பார்த்த டர்னர், கிளஃப், மார்ட்டின், டாப் ஆகிய நால்வரும் இறக்கையின் விறைப்பைக் கணக்கிட 1956இல் எழுதிய கட்டுரை அதைப் பொறியாளர்களின் கைக்குக் கொண்டுவந்தது. வரம்புறு கூறு முறை என்ற பெயரை 1960இல் கொடுத்தவர் அந்தக் கிளஃப்தான்.

முறையின் உயிர்நாடியை இரண்டு ஸ்பிரிங்கில் பார்த்துவிடலாம். மேல் ஸ்பிரிங் கிலோவுக்கு 1 மில்லிமீட்டர் நீளும். அதன் அடியில் மாட்டிய ஸ்பிரிங் கிலோவுக்கு 2 மில்லிமீட்டர். கடைசியில் 3 கிலோ தொங்கவிடுகிறோம். நடுக் கணு எவ்வளவு இறங்கும், கீழ்க் கணு எவ்வளவு இறங்கும்? இரண்டு ஸ்பிரிங்கும் அதே 3 கிலோவைத்தான் தாங்குகின்றன. ஆக நடுக் கணு 3 மில்லிமீட்டர், கீழ்க் கணு 3உம் 6உம் சேர்ந்து 9 மில்லிமீட்டர். நாம் கேட்ட கேள்வியைக் கவனியுங்கள்: எந்தெந்தக் கணு எங்கெங்கே போய் நின்றால் எல்லா இடத்திலும் விசைகள் சமனாகும்? முக்கோணங்களுக்கும் கேள்வி இதுவேதான். தட்டையான பொருளில் கணு ஒன்றுக்கு இரண்டு விடை வேண்டும்: பக்கவாட்டில் எவ்வளவு, மேல் கீழாக எவ்வளவு. நூற்றுக்கு நூறு கணுக்கள் என்றால் 10,000 கணு, 20,000 தெரியாத எண்கள், 20,000 சமன்பாடுகள். கேட்கும்போது மலைப்பாக இருக்கும். ஆனால் ஒரு கணு தன் அண்டைக் கணுக்களோடு மட்டுமே தொடர்புள்ளது என்பதால் அந்தச் சமன்பாடுகளில் பெரும்பாலான இடம் சைபர். உங்கள் மேஜைக் கம்ப்யூட்டர் இமைக்கும் நேரத்தில் முடித்துவிடும்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வந்துவிட்டோம். அந்த 20,000 எண்களில் ஒன்றுகூடத் தகைவு இல்லை. எல்லாம் இடப்பெயர்ச்சி, அதாவது கணு எவ்வளவு நகர்ந்தது என்பது. துண்டுக்குள்ளே என்ன நடக்கிறது என்பதற்கு நாமே ஓர் ஊகம் வைத்திருக்கிறோம்: மூலைகளுக்கு இடையே நகர்வு நேர்கோடாக மாறுகிறது என்று. பிறகு, அடுத்தடுத்த கணுக்களின் நகர்வுகளுக்கு இடையே உள்ள வித்தியாசத்தைத் தூரத்தால் வகுத்தால் திரிபு. அதைப் பொருளின் விறைப்பால் பெருக்கினால் தகைவு. வண்ணப்படம் இந்த மூன்றாம் படியில் வருவது.

மூன்றாம் படியில் வந்தால் என்ன குறை என்று கேட்கலாம். கொல்லிமலைக்குப் போகும் பஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். 70 கொண்டை ஊசி வளைவு. அடிவாரத்தின் உயரம், மலைமேல் ஊரின் உயரம், நடுவில் ஓரிரு இடங்களின் உயரம் ஆகியவற்றை மிகத் துல்லியமாக அளந்து, புள்ளிகளை நேர்கோட்டால் இணைத்துவிட்டோம் என்று வையுங்கள். பாதையில் எந்த இடத்தைக் கேட்டாலும் உயரத்தை ஏறக்குறையச் சரியாகச் சொல்லிவிடலாம். ஆனால் பஸ்ஸுக்குப் பிரச்சினை உயரமல்ல, செங்குத்து. டிரைவர் முதல் கியருக்கு மாற்றும் அந்த ஐம்பது அடித் தூரம் நம் நேர்கோட்டில் எங்கே? சராசரியில் கரைந்துபோய்விட்டது. இடப்பெயர்ச்சி என்பது உயரம். தகைவு என்பது செங்குத்து. பொருள் உடைவது செங்குத்தால்.

எவ்வளவு கரையும் என்று எண்ணிலேயே பார்த்துவிடலாம். கூரையிலிருந்து ஓர் இரும்புக் கம்பி தொங்குகிறது. கம்பியின் எடை 100 கிலோ. வேறு சுமை ஏதும் இல்லை. மேல் முனை கீழே உள்ள முழுக் கம்பியையும் தாங்குகிறது, ஆகவே அங்கே இழுவிசை 100 கிலோ. பாதி உயரத்தில் 50. கீழ் முனையில் சைபர். அறுந்தால் மேலேதான் அறும். இதற்குக் கணக்கே வேண்டாம், விடை நமக்கே தெரியும். அதனால்தான் சோதனைக்கு எடுத்துக்கொண்டேன்.

இந்தக் கம்பி முழுவதையும் ஒரே துண்டாக வைத்து நம் முறையில் போடுவோம். முறை என்ன செய்யும்? எடையில் பாதியை மேல் கணுவிலும் பாதியைக் கீழ்க் கணுவிலும் வைக்கும். மேல் கணு கூரையோடு கட்டியிருப்பதால் அசையாது. கீழ்க் கணுவில் 50 கிலோ. அதற்கு எவ்வளவு நீளுமோ அதுதான் கம்பியின் உண்மையான நீட்சியும். ஒரு மயிரிழை பிசகாது! நீட்சியை மட்டும் பார்த்தவர் அபாரம் என்று கைதட்டிவிடுவார். இழுவிசை என்னவென்று கேட்டால் கம்பி முழுக்க 50 என்று சொல்லும். அறுந்துபோகக்கூடிய இடத்தில் இருக்கும் 100ஐ 50 என்று சொல்கிறது. இடப்பெயர்ச்சியில் பிழை இல்லை, தகைவில் பாதிக்குப் பாதி பிழை. இரண்டும் ஒரே கணக்கிலிருந்து வந்தவை.

துண்டைக் கூட்டினால் தேறும். இரண்டு துண்டு என்றால் மேல் துண்டு 75 என்று சொல்லும். நான்கு துண்டுக்கு 87.5, பத்துத் துண்டுக்கு 95. எல்லா இடத்திலும் பொடிப்பொடியாக நறுக்க வேண்டியதில்லை என்பதும் இதிலேயே இருக்கிறது. மொத்தம் மூன்றே துண்டு வைத்து, மேல் துண்டை மட்டும் கம்பியில் ஐம்பதில் ஒரு பங்காகச் சின்னதாக்கினால் அது 99 என்று சொல்லிவிடும். எங்கே செங்குத்தோ அங்கே வலையை நெருக்க வேண்டும். நல்ல பொறியாளர் வலை பின்னுவதைப் பார்த்தாலே அவருக்கு எந்த இடத்தைப் பற்றிப் பயம் என்று கண்டுகொள்ளலாம்.

இன்னொரு நுணுக்கமும் இந்தக் கம்பியிலேயே கிடைக்கிறது. நான்கு துண்டுக்கு வரும் விடைகள் மேலிருந்து 87.5, 62.5, 37.5, 12.5. துண்டுக்குத் துண்டு தடாலென்று மாறுகின்றன. ஆனால் வண்ணப்படத்தில் நிறம் வழுக்கிக்கொண்டல்லவா போகிறது? காரணம், மென்பொருள் பக்கத்துத் துண்டுகளின் விடையைக் கணுவில் சராசரியாக்கி இழைத்துவிடுகிறது. இது வெறும் மேக்கப் இல்லை, பலன் உண்டு. 87.5க்கும் 62.5க்கும் சராசரி 75. அந்தக் கணுவில் உண்மையும் 75. அடுத்தது 50, அதற்கடுத்தது 25, அவையும் அப்படியே சரி. ஆனால் உச்சிக் கணுவுக்கு மேலே சராசரி எடுக்க இன்னொரு துண்டு கிடையாது. அங்கே 87.5 அப்படியே நிற்கும். உள்ளேயெல்லாம் சரிசெய்துவிட்டு, விளிம்பில் மட்டும் குறை தங்கிவிடுகிறது. உண்மையான பொருள்களிலும் தகைவு உச்சத்துக்குப் போவது ஓட்டை ஓரம், மூலை, விளிம்பு ஆகிய இடங்களில்தான்.

அப்படியானால் நறுக்க நறுக்க உண்மையை நெருங்கலாம் என்று முடிவுகட்டிவிடலாமா? எல்லா இடத்திலும் இல்லை. ‘ட’ வடிவத் தகட்டின் உள்மூலை கத்தி மாதிரி கூர்மையாக வரைந்திருந்தால், அங்கே வலையை நெருக்கும் ஒவ்வொரு முறையும் தகைவு ஏறிக்கொண்டே போகும், நிற்கவே நிற்காது. கம்ப்யூட்டர் உளறவில்லை. முழுக் கூர்மையான உள்மூலையில் தகைவு முடிவிலி என்று சமன்பாடே சொல்கிறது. கம்ப்யூட்டர் பாவம் அந்த முடிவிலியைத் துரத்திக்கொண்டு ஓடுகிறது. நிஜ மூலையில் எப்போதும் ஒரு சிறு வளைவு உண்டு. வரைபடத்திலும் அந்த வளைவைப் போட்டால் எண் ஓரிடத்தில் வந்து நிற்கும். லேத் பட்டறையில் உள்மூலையைக் கூராக விடாமல் ‘ரேடியஸ்’ கொடுப்பதும், விரிசல் விட்ட தகட்டில் விரிசலின் நுனியில் ஓர் ஓட்டை போட்டு அது பரவாமல் தடுப்பதும் இதே காரணத்துக்காகத்தான்.

இதெல்லாம் காகிதத்தோடு போகிற விஷயம் இல்லை என்பதற்கு நார்வேயில் ஒரு சாட்சி இருக்கிறது. வடகடலில் எரிவாயு எடுக்க ஸ்லைப்னர் ஏ என்ற மேடையைக் கட்டினார்கள். அதன் அடித்தளம் 24 கான்கிரீட் உருளைகள் சேர்ந்தது. உருளைகளை ஒட்டி ஒட்டி நிறுத்தினால் மூன்று உருளைகளுக்கு நடுவே முக்கோணமாக ஒரு சந்து விடும். அந்தச் சந்துக்குள் கடல்நீர் நிற்கும், உருளைக்குள் காலி. தளத்தைக் கீழே இறக்க இறக்கத் தண்ணீரின் அழுத்தம் சந்தின் சுவரை உருளையின் உட்பக்கம் நோக்கித் தள்ளும். 1991 ஆகஸ்ட் 23 அன்று ஸ்டவாங்கர் அருகே ஆழமான கடல் கழிமுகத்தில் தளத்தைச் சோதனையாக இறக்கியபோது, சுமார் 65 மீட்டர் ஆழத்தில் ஒரு சுவர் பிளந்தது. பம்புகளால் ஈடுகொடுக்க முடியவில்லை. சிறிது நேரத்தில் முழுத் தளமும் மூழ்கி நொறுங்கியது. அதன் அதிர்வு நில அதிர்வு மானிகளில் ரிக்டர் அளவில் 3 என்று பதிவானது. உயிர்ச்சேதம் இல்லை. பொருள் நஷ்டம் சுமார் 70 கோடி டாலர்.

விசாரணையில் இரண்டு காரணம் வெளிவந்தது. சுவருக்குள் இருந்த இரும்புக் கம்பிகளின் பிடிமானம் போதவில்லை. அதோடு, அந்த முக்கோணச் சந்தின் சுவருக்கு நாஸ்ட்ரான் என்ற புகழ்பெற்ற மென்பொருளில் போட்ட கணக்கில், துண்டுகள் பெரிதாகவும் வடிவம் சரியில்லாமலும் இருந்தன. சுவரின் ஒரு பக்கத்தை ஒரு திசையிலும் மறுபக்கத்தை எதிர்த் திசையிலும் தள்ளி அறுக்கப் பார்க்கும் வெட்டுத் தகைவை அந்த வலை 47 சதவீதம் குறைத்துச் சொல்லியிருந்தது. மென்பொருளில் பிழை இல்லை; கொடுத்த வலைக்கு உரிய விடையைத்தான் அது கொடுத்தது. பிறகு வலையைக் கவனமாகப் பின்னி மறுபடி கணக்குப் போட்டபோது, இந்தச் சுவர் 62 மீட்டர் ஆழத்தில் உடையும் என்று வந்தது.

மாற்றுத் தளத்தை வடிவமைத்தவர்கள் புதிய கம்ப்யூட்டர் கணக்குக்காகக் காத்திருக்கவில்லை. ஸ்லைடு ரூல் காலத்துக் கைக்கணக்கிலேயே வடிவமைப்பைத் தொடங்கினார்கள். கம்ப்யூட்டர் முடிவுகள் வந்துசேர்ந்தபோது வடிவமைப்பு வேலை முடிந்திருந்தது. இதைக் கேட்டுவிட்டு, கம்ப்யூட்டரே வேண்டாம் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. 62 என்று சரியாகச் சொன்னதும் அதே முறைதான்.

உங்களிடம் யாராவது அப்படி ஒரு வண்ணப்படத்தைக் காட்டினால் மூன்று கேள்வி கேளுங்கள். சிவப்பு இருக்கும் இடத்தில் துண்டைப் பாதியாக்கி மறுபடி போட்டீர்களா, எண் எவ்வளவு மாறியது? சராசரி எடுத்து இழைப்பதற்கு முந்தைய படம் இருக்கிறதா? கையால் போட்டால் தோராயமாக என்ன வருகிறது? பதில் சொல்ல வேண்டியது அவர் பொறுப்பு. கேட்பதற்கு நீங்கள் பொறியாளராக இருக்க வேண்டியதில்லை.